கடைமடை ஊரில் புது அடுப்பு: வாயுவா, மின்சாரமா?

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்கேயிருந்து தெற்கு நோக்கி நேராக இறங்கிவரும் கிழக்குக் கடற்கரை ஓரிடத்தில் திடீரென மேற்கே திரும்புகிறது அல்லவா? அந்த முழங்கை முனைதான் கோடியக்கரை. பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் ஊர் இது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, காடும் உப்பளமும் கடலும் சூழ்ந்து கிடக்கிறது. 'கோடி' என்றால் முனை, கடைசி. பெயருக்கு ஏற்றபடி காவிரிப் பாசனத்துக்கும் இந்தப் பகுதி கடைசி. அதனால்தான் இதைக் 'கடைமடை' என்கிறோம்.

இப்படிப்பட்ட ஊரிலுள்ள ஒரு வீட்டின் சமையலறையை நினைத்துப் பாருங்கள். தரையோடு தரையாகக் களிமண்ணால் கட்டிய அடுப்பு. அதன் பக்கத்தில், அதே நெருப்பில் குழம்பைச் சுடவைக்கும் கொடியடுப்பு. பல ஆண்டுகள் உழைத்து அது விரிந்துவிட்டது. வீட்டார் அதை இடித்துவிட்டுக் கடப்பைக் கல் மேடை கட்டப் போகிறார்கள். மேடைமேல் எந்த அடுப்பை வைப்பது? வாயு அடுப்பா, மின்சார அடுப்பா?

'கடையில் எது மலிவோ அது' என்று ஒருவர் சொல்வார். 'பக்கத்து வீட்டில் எது இருக்கிறதோ அது' என்பார் இன்னொருவர். ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து நீங்கள் படித்துவரும் வெப்பவியலும் மின்னியலும் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடியவை. ஒரு நிபந்தனை உண்டு. அடுப்பை மட்டும் பார்த்தால் பதில் வராது. வெப்பம் எங்கே பிறந்து, எந்த வழியாகப் பாத்திரத்துக்கு வந்து சேர்கிறது என்பதை முழுவதும் பார்க்க வேண்டும்.

பழைய அடுப்பின் கணக்கு

முதலில், இடிக்கப் போகும் அடுப்புக்கு உரிய நியாயத்தைச் செய்வோம். அதற்கு விலை கிடையாது. மண்ணும் உழைப்பும் போதும். ஆனால் அது வெப்பத்தை வீணாக்குவதில் பெரிய கை. விறகு எரிந்து வெளிவிடும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குதான் பானைக்குள் போகிறது. மீதி அடுப்பின் சுவரையும், சமையலறைக் காற்றையும், சமைப்பவரின் முகத்தையும் சூடாக்குகிறது. முழுமையாக எரியாத கரிப்பொருள்கள் புகையாக மாறிக் கண்ணையும் நுரையீரலையும் தாக்குகின்றன.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கோடியக்கரைக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. விறகு நனைந்துவிடும். எடையில் பாதி நீராக இருக்கும் ஒரு கிலோ ஈர விறகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எரியக்கூடிய மரம் அரைக் கிலோதான். உள்ளிருக்கும் அரை லிட்டர் நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே சுமார் 300 கிலோ கலோரி செலவாகிவிடும். விறகு தன்னைத்தானே உலர்த்திக்கொண்ட பிறகே சோற்றுக்கு உதவும்!

விறகு எங்கிருந்து வருகிறது என்பதும் இந்த ஊரில் முக்கியம். கோடியக்கரைக் காடு 1967-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. வெளிமான்கள் மேயும் இடம் அது. ஆண்டுதோறும் வெகு தொலைவிலிருந்து வரும் நீர்ப்பறவைகளின் தங்குமிடம். 2002-இல் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களில் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டு அடுப்பும் விறகைக் குறைத்தால் அந்தக் காட்டின் மீதுள்ள பாரமும் குறையும்.

மண் அடுப்பைத் திருத்த விஞ்ஞானிகள் முயலாமல் இல்லை. 1950-களின் தொடக்கத்திலேயே ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்பவர் புகைபோக்கியுடன் கூடிய புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1980-களில் மைய அரசு மேம்பட்ட அடுப்புகளை நாடெங்கும் பரப்பத் திட்டம் தீட்டியது. புகை வெளியேறியது நல்லதே. ஆனாலும் விறகு தேடும் வேலை தீரவில்லை.

எல்லாவற்றையும் ஒரே படியால் அளப்போம்

விறகைக் கிலோவிலும், வாயுவைச் சிலிண்டரிலும், மின்சாரத்தை யூனிட்டிலும் வாங்குகிறோம். மூன்றையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே படி வேண்டும். உங்கள் வீட்டு மின்அளவி காட்டும் 'யூனிட்'டையே படியாக வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதாவது 860 கிலோ கலோரி வெப்பம்.

உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் கிடைப்பது சுமார் 3,800 கிலோ கலோரி. நம் படியில் இது ஏறக்குறைய 4.4 யூனிட். சமையல் வாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 11,000 கிலோ கலோரி, ஏறக்குறைய 12.8 யூனிட்.

இனி ஒரு சிறு கணக்கு. சோறு வடிக்க மூன்று லிட்டர் தண்ணீரை உலையில் வைக்கிறோம். தண்ணீர் 28 டிகிரியில் இருக்கிறது. 100 டிகிரிக்கு வர வேண்டும். உயர வேண்டிய வெப்பநிலை 72 டிகிரி. தேவையான வெப்பம் 3 x 72 = 216 கிலோ கலோரி. அதாவது கால் யூனிட்.

கால் யூனிட் வெப்பம் பாத்திரத்துக்குள் போக, அடுப்புக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? அது அடுப்பின் வெப்பத் திறனைப் பொறுத்தது.

மண் அடுப்பு, திறன் 12 சதவீதம்: சுமார் 2.1 யூனிட். அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ உலர்ந்த விறகு.

வாயு அடுப்பு, வீட்டு நடைமுறையில் திறன் 60 சதவீதம்: சுமார் 0.42 யூனிட். அதாவது 33 கிராம் வாயு.

கம்பிச்சுருள் மின்அடுப்பு, திறன் 70 சதவீதம்: சுமார் 0.36 யூனிட்.

தூண்டல் அடுப்பு, திறன் 85 சதவீதம்: சுமார் 0.3 யூனிட்.

ஆய்வுக்கூடச் சோதனையில் நல்ல வாயு அடுப்பு 68 சதவீதத்துக்கும் மேல் திறன் காட்டும். ஆனால் வீட்டில் காற்று வீசும். பாத்திரம் சிறியதாக இருக்கும். சுடர் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி ஓடும். எனவே 60 என்று வைத்துக்கொண்டோம்.

மூன்று அடுப்புகள் வேலை செய்யும் விதம்

வாயு அடுப்பில் எரிவது புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அழுத்தத்தில் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைத்திருக்கிறார்கள். சீராக்கியைத் திறந்ததும் திரவம் ஆவியாகி, சிறு துளை வழியே பாய்ந்து, காற்றை உடன் இழுத்துக்கொண்டு பர்னரில் எரிகிறது. சுடர் நீலமாக இருந்தால் காற்று போதுமான அளவு கலந்திருக்கிறது என்று பொருள். மஞ்சளாக இருந்தால் வாயு முழுமையாக எரியவில்லை. பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

கம்பிச்சுருள் அடுப்பில் நடப்பது ஜூல் விளைவு. நிக்ரோம் கம்பியின் மின்தடை, அதன் வழியே பாயும் மின்னோட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. கம்பி முதலில் சூடாகி, பிறகு பாத்திரத்தைச் சூடாக்குகிறது.

'இண்டக்‌ஷன் ஸ்டவ்' என்று கடைகளில் விற்கும் தூண்டல் அடுப்பு இன்னும் விந்தையானது. அதன் கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம், மேலே வைத்த இரும்புப் பாத்திரத்தின் அடிப்பகுதியில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. பாத்திரமே அடுப்பாகிச் சூடேறுகிறது! 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இங்கே உலை வைக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். பாத்திரத்தின் அடி காந்தத்தில் ஒட்டும் உலோகமாக இருக்க வேண்டும். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டி இந்த அடுப்பில் சூடாகாது. தஞ்சைப் பக்கத்தில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், வழக்கமான அலுமினியப் பாத்திரமும், பித்தளைப் பானையும் சூடாகா. கோடியக்கரை வீட்டில் தூண்டல் அடுப்பு வாங்கினால் பாத்திரங்களில் பலவற்றையும் மாற்ற நேரும். அதன் விலையையும் அடுப்பின் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போதே ஒரு காந்தத் துண்டை எடுத்து உங்கள் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். எத்தனை தேறும் என்று தெரிந்துவிடும்.

ரொட்டி சுடும் 'அவன்' என்றால்?

மேலை நாடுகளில் இதே கேள்வி சுவரோடு பொருத்திய 'அவன்' பற்றி எழுகிறது. நம் ஊர் பேக்கரிக்காரருக்கும் இது பொருந்தும். அவன் என்பது மூடிய பெட்டி. அதற்குள் வாயுவை எரித்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி பிறக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? புரோப்பேனின் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: 44 கிராம் புரோப்பேன் எரிந்தால் 72 கிராம் நீர் கிடைக்கும். இந்த ஆவிக்கும் கரியமில வாயுவுக்கும் வெளியேற வழி விட்டே ஆக வேண்டும். அவை போகும்போது வெப்பத்தையும் உடன் எடுத்துச் செல்கின்றன. மின்சார அவனில் எதுவும் எரிவதில்லை. எனவே அதை நன்றாக மூடி, சுற்றிலும் வெப்பம் கடத்தாப் பொருளை வைத்துக் காக்கலாம். உள்ளே வெப்பம் உலர்ந்ததாகவும் சீராகவும் இருக்கும். ஆகவே அவனைப் பொறுத்தவரை, மின்சாரம் தவறாமல் கிடைக்கும் இடத்தில், மின்சாரத்தின் பக்கமே தராசு சாயும். சோறும் குழம்பும் பொங்கும் அடுப்பில் கணக்கு அவ்வளவு எளிதல்ல.

ஒரு சிலிண்டர் எத்தனை யூனிட்டுக்குச் சமம்?

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ வாயு. அதன் மொத்த வெப்பம் 14.2 x 12.8 = சுமார் 182 யூனிட். அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது. அதாவது 109 யூனிட். இதே பயனைத் தூண்டல் அடுப்பில் பெற 109-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 128 யூனிட். நினைவில் வைக்க எளிதாக 130 என்று கொள்வோம்.

ஆக, சிலிண்டரின் விலையை 130-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு மின்சாரத்தின் யூனிட் விலை அந்த விடையைவிடக் குறைவு என்றால் தூண்டல் அடுப்பு லாபம். கூடுதல் என்றால் வாயு லாபம். விலைகள் ஆண்டுதோறும் மாறலாம். வகுக்கும் முறை மாறாது.

இங்கே பலர் இடறி விழும் ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. குறைவாகப் பயன்படுத்துவோருக்கு யூனிட் விலை குறைவு. அதிகமாகப் பயன்படுத்துவோருக்குக் கூடுதல். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று 2016-இல் அறிவிக்கப்பட்டபோது, 'இனிச் சமையலும் இலவசம்' என்று எண்ணியவர்கள் உண்டு. ஆனால் விளக்கும் மின்விசிறியும் குளிர்ப்பெட்டியும் அந்த 100 யூனிட்டை முன்பே எடுத்துக்கொண்டிருக்குமே! புதிதாக வரும் அடுப்பின் யூனிட்டுகள் படிக்கட்டின் உச்சியில்தான் போய் ஏறும். ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியது சராசரி விலை அல்ல; உங்கள் வீடு கடைசியாக ஏறி நிற்கும் படியின் விலை. இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள சிறு வீட்டுக்கு மின்அடுப்பு மலிவாக முடியலாம். குளிர்சாதனப் பெட்டிகள் உள்ள பெரிய வீட்டுக்கு அதே அடுப்பு விலை கூடியதாக முடியலாம்.

கம்பிக்கும் கடைமடை உண்டு

காவிரி நீர் கல்லணையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக ஓடிக் கடைமடைக்கு வரும்போது மெலிந்துவிடுகிறது. நீண்ட மின்கம்பித் தொடரிலும் ஏறக்குறைய இதுவே நடக்கும். கம்பிக்கு மின்தடை உண்டு. வழியில் ஒவ்வொரு வீடும் பம்புசெட்டும் மின்னோட்டத்தை இழுக்கும்போது கம்பியில் மின்னழுத்தம் சிறிது சிறிதாக விழுகிறது. தொடரின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பிச்சுருள் அடுப்பு என்னவாகும்?

வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 180-ஐ 230-ஆல் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கினால் 0.61 வருகிறது. 1000 வாட் அடுப்பு 610 வாட் அடுப்பாகிவிட்டது! உலை கொதிக்க ஒன்றரை மடங்குக்கும் மேலான நேரம் ஆகும். தூண்டல் அடுப்புகளில் உள்ள மின்னணுக் காவல் அமைப்பு, அழுத்தம் மிகவும் குறைந்தால் அடுப்பையே நிறுத்திவிடும்.

வீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் பார்க்க வேண்டும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகக் கூடாது. தனிக் கம்பி, பவர் பிளக், நல்ல எர்த் மூன்றும் வேண்டும். உப்பளக் காற்று வீசும் ஊரில் செம்பு, பித்தளை முனைகளில் பாசம் பிடிக்கும். பிளக் முனையில் 0.1 ஓம் தடை கூடினால் போதும், 8.7 x 8.7 x 0.1 என்ற கணக்கில் ஏழரை வாட் வெப்பம் அந்தச் சிறு முனையிலேயே பிறக்கும். பிளக் சுடுகிறது, கருகுகிறது என்பதன் காரணம் இதுதான்.

உப்புக்காற்று வாயு அடுப்பையும் விட்டுவைப்பதில்லை. பர்னரின் துளைகள் அடைபடும்; தாங்கிகள் துருப்பிடிக்கும். ஆனால் அவற்றைத் துடைத்துச் சரிசெய்வது எளிது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

இதுவரை அடுப்பிலிருந்து பாத்திரம் வரைதான் கணக்கிட்டோம். இனிச் சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

காவிரிப் படுகையின் வயல்களுக்கு வெகு ஆழத்தில் எண்ணெயும் இயற்கை வாயுவும் உண்டு. அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று திருவாரூர் மாவட்டம் திருமக்கோட்டையில் அமைக்கப்பட்டது. இன்னொன்று குத்தாலத்தில். இத்தகைய நிலையத்தில் வாயு எரிந்து ஒரு சுழலியை ஓட்டுகிறது. வெளிவரும் சூடான புகை வீணாகாமல் நீரைக் கொதிக்கவைத்து நீராவிச் சுழலியையும் ஓட்டுகிறது. இதற்குக் கூட்டுச் சுழற்சி முறை என்று பெயர்.

இவ்வளவு திறமையாகச் செய்தும், 100 யூனிட் வாயு வெப்பத்திலிருந்து ஏறக்குறைய 46 யூனிட் மின்சாரமே கிடைப்பதாகக் கொள்ளலாம். கம்பிவழியில் பத்தில் ஒரு பங்கு போனால் வீட்டுக்கு வருவது 41. தூண்டல் அடுப்பு அதில் 35-ஐப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். நிலக்கரி நிலையமாக இருந்தால் 100 என்பது 35 ஆகி, 31 ஆகி, பாத்திரத்தில் 26 ஆக நிற்கும். எரிபொருளை வீட்டிலேயே எரித்திருந்தால்? 60!

இது பொறியாளர்களின் குறை அல்ல. வெப்பத்தை முழுவதும் வேலையாக மாற்ற முடியாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. வெப்பத்தை மின்சாரமாக்கி, அதை மறுபடி வெப்பமாக்குவது, நெல்லை விற்று அரிசி வாங்கி, மறுபடி நெல் வாங்குவது போன்றது. ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் கரையும்.

கரியமில வாயுவின் கணக்கும் இப்படியே. ஒரு சிலிண்டர் எரிந்தால் சுமார் 43 கிலோ கரியமில வாயு உண்டாகும். அதற்கு ஈடான 130 யூனிட் மின்சாரத்துக்கு, இந்திய மின்தொகுப்பின் சராசரியான யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டால், சுமார் 90 கிலோ. இரு மடங்கு!

'அப்படியானால் மின்அடுப்பு தீயதா?' என்று அவசரப்பட வேண்டாம். காற்றாலையும் சூரியத் தகடும் எதையும் எரிப்பதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. இவற்றின் பங்கு கூடக்கூட யூனிட்டுக்கான கரியமில வாயு குறையும். சிலிண்டரின் 43 கிலோ மட்டும் என்றும் குறையாது. மேலும் இந்தியா தன் சமையல் வாயுத் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் கொண்டுவருகிறது. வெயிலை யாரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இன்றைய கணக்கு வாயுவுக்குச் சாதகம்; நாளைய காற்று மின்சாரத்தின் பக்கம் வீசுகிறது.

புயல் கேட்கும் கேள்வி

கோடியக்கரையில் அடுப்பு வாங்குவோர் மறக்கக் கூடாத தேதி ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16, அதிகாலை. அன்றுதான் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் சவுக்கும் லட்சக்கணக்கில் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்ஊழியர்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து இரவுபகலாக உழைத்தும், உட்பகுதிக் கிராமங்களுக்கு விளக்கு வரப் பல வாரங்கள் ஆயின. இது முதல் முறையும் அல்ல. 1952-இலும் 1977-இலும் இதே கடற்கரையைக் கடும் புயல்கள் தாக்கியிருக்கின்றன.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மின்அடுப்பு மட்டும் வைத்திருந்த வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியாது. காட்டில் மரம் விழுந்து கிடந்தாலும் அது பச்சை மரம்; ஈர விறகின் கணக்கை முன்பே பார்த்தோம். மின்சாரத்தைப் பெரிய அளவில் வீட்டில் சேமித்து வைப்பது கடினம், செலவும் கூட. சிலிண்டரோ சேமித்து வைத்த வெப்பம்! பாதி நிறைந்த சிலிண்டரில்கூட நம் கணக்கின்படி மூன்று லிட்டர் உலையை இருநூறு தடவைக்கு மேல் கொதிக்கவைக்கும் வாயு இருக்கிறது. சாலையில் மரம் கிடந்து வண்டி வராமல் போனாலும் சில வாரம் தாங்கும்.

ஆனால் வெள்ளம் புகும் ஊரில் சிலிண்டரைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வெற்றுச் சிலிண்டரின் எடை சுமார் 15 கிலோ. உள்ளிருக்கும் வாயு 14.2 கிலோ. கூட்டினால் 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சிலிண்டரின் உட்கொள்ளளவே 33 லிட்டருக்கு மேல். அது நீரில் முழுவதும் அமிழ்ந்தால் 33 கிலோவுக்கு மேல் நீரை விலக்கியாக வேண்டும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி என்ன நடக்கும்? நிறைந்த சிலிண்டரும் மிதக்கும்! மிதந்தால் குழாய் இழுபட்டுக் கழன்று வாயு கசியும். எனவே புயல் எச்சரிக்கை வந்ததும் சீராக்கியை மூடி, குழாயைக் கழற்றி, மூடியைப் பூட்டி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே கட்டிவைக்க வேண்டும்.

சாதாரண நாட்களிலும் கவனம் தேவை. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, புரோப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. ஆகவே கசிந்த வாயு மேலே போகாது, தரையில் தேங்கும். அடுப்பு மேடைமேல் இருக்க, சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். தாழ்வான சன்னலோ கதவோ திறந்திருப்பது நல்லது. வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரிவதற்காகவே நாற்றமுள்ள மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிடுங்கள். சுவிட்சில் தோன்றும் சிறு பொறியே போதும், தீப்பிடிக்க.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இனித் தராசைப் பார்ப்போம். பாத்திரத்துக்குப் போகும் வெப்பத்தின் திறனில் தூண்டல் அடுப்பு முதலிடம். எரிபொருளின் பிறப்பிடத்திலிருந்து எண்ணினால், இன்றைய நிலையில், வாயு முதலிடம். சமையலறைக் காற்றின் தூய்மையில் மின்சாரத்துக்கே வெற்றி. வாயுச் சுடர் கரியமில வாயுவையும் சிறிதளவு நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெளியிடும். மண்சட்டிக்கும் ஈயச்சொம்புக்கும் வாயு. விலைக்கு, நீங்களே போட்டுப் பார்க்கும் 130 கணக்கு. புயலுக்கு, சந்தேகமில்லாமல் வாயு.

ஆகவே கோடியக்கரை போன்ற கடைமடை ஊரில், மேடைமேல் ஒரே ஓர் அடுப்புக்குத்தான் வழி என்றால் அது வாயு அடுப்பாக இருக்கட்டும். இரண்டுக்கு வழியிருந்தால் பக்கத்தில் ஒரு சிறு தூண்டல் அடுப்பையும் வைக்கலாம். பால், தேநீர், வெந்நீர் போன்ற அன்றாட வேலைகளை அதில் செய்தால் சிலிண்டர் நீண்டநாள் வரும். புயல் நாளுக்கும் மிச்சம் இருக்கும். மேடை கட்டும்போதே பவர் பிளக்குக்குத் தனிக் கம்பி இழுத்துவிடுங்கள். கூரையில் சூரியத் தகடு வரும் நாளில் மேடையை மறுபடி உடைக்க வேண்டியிராது.

தஞ்சை நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு வீட்டுக்கு இதே பதிலைச் சொல்ல முடியுமா? மின்னழுத்தம் சீராகவும், புயல் பயம் குறைவாகவும் உள்ள இடத்தில் விடை மாறலாம். விதிகள் எங்கும் ஒன்றே. அவற்றில் இட வேண்டிய எண்கள்தான் ஊருக்கு ஊர் வேறு.

செய்து பாருங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றுங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மின்அடுப்பில் கொதிக்கவையுங்கள். வீட்டிலுள்ள மற்ற மின்கருவிகளை நிறுத்திவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் மின்அளவியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் தொடக்க வெப்பநிலையையும் குறியுங்கள். பெற்ற வெப்பத்தைச் செலவிட்ட வெப்பத்தால் வகுத்தால் உங்கள் அடுப்பின் திறன் தெரியும். அடுத்து, மூடியில்லாமல் அதே சோதனையைச் செய்யுங்கள். ஒரு சிறு மூடி எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று பார்த்தபின், எந்த அடுப்பானாலும் நீங்கள் பாத்திரத்தை மூடாமல் விடமாட்டீர்கள்.